கால்வாய்க்கரையில் மேய்ந்த ஆடுகளும் மஞ்சள் பூத்த மாடும்: ஒரு கால்நடை மருத்துவரின் பதில்

வட சென்னையில் மணலிக்கு அப்பால், கால்வாய்க்கரையை ஒட்டிக் குடியிருக்கும் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், தெரு எதுவும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால், அவற்றை நீக்கிவிட்டுச் செய்தியை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவரிடம் 3 கலப்பினக் கறவை மாடுகளும் 14 வெள்ளாடுகளும் இருந்தன. மாடுகளில் ஒன்று மகளிர் குழுக் கடனில் வாங்கியது. சென்ற பருவமழையில் வழக்கமான மேய்ச்சல் இடம் வாரக்கணக்கில் தண்ணீரில் கிடந்து புல் அழுகிவிட்டது. வைக்கோல் விலை ஏறியதால் அதையும் குறைத்துவிட்டார்கள். காலையில் பால் கறந்ததும் அப்படியே அவிழ்த்துவிட, ஆடுமாடுகள் கரையோரப் புதரில் மேய்ந்து வந்தன. ஒரு மாதத்துக்கு மேலாகச் சில ஆடுகள் மெலிந்து, மயிர் சிலிர்த்து, தலையை ஆட்டிக்கொண்டு, விரட்டினால் கால் பின்னி விழுந்தன. அவற்றில் 2 ஆடுகள் செத்துவிட்டன. யாரும் அறுத்துப் பார்க்காமல் கரையிலேயே புதைத்தாகிவிட்டது. இப்போது 5 நாளாக ஒரு மாடு தீனி எடுக்கவில்லை. சாணி கறுத்துக் கட்டியாக விழுகிறது, கண் மஞ்சளாக இருக்கிறது, உடம்பில் வெள்ளையாக உள்ள இடங்களில் மட்டும் தோல் வெடித்து உரிகிறது, காம்பில் கை வைத்தால் உதைக்கிறது.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. வழித்தகராறில் இருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் மருந்து வைத்துவிட்டார், காவல் நிலையம் போகலாம் என்கிறார் கணவர். ‘ஆடு மாட்டுக்குத் தெரியாதா எது விஷம்னு? இது செடியால வந்தது இல்ல’ என்கிறார் மாமியார். கரை முழுக்கக் களைக்கொல்லி அடித்துவிடலாம் என்கிறார் கொழுந்தனார். ஒரு தரகர் மாட்டை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார். பாலை விற்கலாமா, மாட்டை விற்கலாமா, மருந்து அடிக்கலாமா, புகார் கொடுக்கலாமா என்பவை சகோதரியின் கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் நாள் தவறாமல் கவனித்து எழுதியிருப்பதால்தான் என்னால் இவ்வளவாவது சொல்ல முடிகிறது. கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. ஆனாலும் நீங்கள் எழுதிய அறிகுறிகள் ஒரே விஷத்தைக் காட்டவில்லை. ஆடுகளுக்கு வந்தது ஒன்று, மாட்டுக்கு வந்தது வேறொன்று. இரண்டும் அந்தக் கரையிலேயே வளரும் இரு வேறு செடிகளால் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டுக்கும் வழி திறந்துவிட்டது வெறும் வயிறு. அதைச் சரிசெய்யாமல் எந்தச் செடியை வெட்டினாலும் அடுத்த மழைக்கு இதே நிலைமை திரும்பும்.

ஆடுகளை முதலில் பார்ப்போம். தண்ணீர் நிற்கும் வாய்க்கால் ஓரமெல்லாம் ஆளுயரத்துக்கு வளர்ந்து, வெளிர் ஊதாவில் புனல் போலப் பூக்கிற நெய்வேலி காட்டாமணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த செடி. வெள்ளத்தில் மற்றதெல்லாம் அழுகும்போது இது மட்டும் பச்சையாக நிற்கும். இதில் உள்ள ஸ்வைன்சோனின் என்ற நச்சு, உடலின் செல்களுக்குள் ஒருவகைச் சர்க்கரையை உடைக்கும் நொதியை முடக்குகிறது. உடையாத கழிவு நரம்புச் செல்களில் தேங்கிக்கொண்டே போகும். ஒருநாள் தின்றால் ஒன்றும் தெரியாது. வாரக்கணக்கில் தின்றால்தான் மெலிவு, தலையாட்டம், தள்ளாட்டம் எல்லாம் வரும். உங்கள் ஆடுகள் மெல்ல மெல்ல இளைத்து விழுந்தன என்பதே இந்தச் செடியின் மேல் என் சந்தேகத்தைத் திருப்புகிறது. ஆட்டின் தலையை ஒரு நிமிடம் மேலே தூக்கிப் பிடித்துவிட்டு விடுங்கள். பாதிக்கப்பட்ட ஆடு பின்னங்கால் மடங்கிச் சாயும். மருத்துவர்கள் செய்கிற சோதனைதான் இது. தரை மெத்தென்று இருக்கிற இடமாகப் பார்த்து நீங்களும் செய்து பார்க்கலாம்.

இதற்கு முறிவு மருந்து கிடையாது. செடியை நிறுத்துவது ஒன்றே வைத்தியம். சீக்கிரம் நிறுத்தினால் சில வாரங்களில் ஆடு தேறும். பல மாதம் தின்றிருந்தால் நடையில் கோளாறு நிலைத்துவிடலாம். இதில் ஒரு சிக்கலும் உண்டு. பசிக்காகத் தின்னத் தொடங்கிய ஆடு பிறகு அதையே தேடிப் போகும்; நல்ல புல் முளைத்த பிறகும் விடாது. குட்டிகளும் மற்ற ஆடுகளும் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். ஆகவே இப்போது தலையாட்டும் ஆடுகளை மந்தையிலிருந்து பிரித்துக் கட்டிப்போட்டுத் தீனி கொடுங்கள். சினை ஆடுகள் இருந்தால் அவற்றை அந்தக் கரைப் பக்கமே விடாதீர்கள். வயிற்றுக் குட்டியையும் இந்த நச்சு பாதிக்கும்.

ஒரு எச்சரிக்கை. தலையாட்டம், தள்ளாட்டம், வாயில் எச்சில் ஆகியவை வெறிநோயிலும் வரும். தெருநாய்கள் திரியும் இடத்தில் மேய்கிற ஆடு இப்படி இருந்தால், தொண்டையில் ஏதோ மாட்டியிருக்கிறது என்று நினைத்து வெறுங்கையை வாய்க்குள் விடவே கூடாது. பழைய பேட்டரித் தகடுகளையும் பெயிண்ட் டப்பாக்களையும் நக்கிய மாடுகளுக்கு ஈய நச்சால் கண் தெரியாமல் போய் நடை தடுமாறும். உங்கள் பகுதியில் பழைய இரும்புக் கிடங்குகள் இருப்பதால் இதையும் மருத்துவரிடம் சொல்லிவையுங்கள்.

மாட்டுக்கு இன்றே செய்ய வேண்டியது

மாட்டின் நிலைதான் அவசரம். மஞ்சள் கண், கறுத்த கட்டிச் சாணி, வெள்ளைத் தோலில் மட்டும் வெடிப்பு என்ற மூன்றும் சேர்ந்தால் உண்ணிச்செடியை நினைக்காமல் இருக்க முடியாது. சின்னச் சின்னப் பூக்கள் கொத்தாக, பல நிறத்தில் பூத்து, இலையைக் கசக்கினால் நெடி அடிக்கும் முட்புதர் அது. அதில் இருக்கும் லான்டடீன் கல்லீரலைத் தாக்கிப் பித்தநீர் வெளியேறுவதைத் தடுக்கிறது. மாடு தின்ற பச்சையிலிருந்து வயிற்றில் உண்டாகும் ஒரு நிறப்பொருள் வழக்கமாகப் பித்தத்தோடு வெளியேறிவிடும். பித்தம் அடைத்ததும் அது ரத்தத்தில் கலந்து தோலுக்கு வருகிறது. வெயில் பட்டவுடன் அந்த இடம் வெந்துபோகிறது. கறுப்புத் தோலில் நிறமி வெயிலை மறைத்துக்கொள்ளும். வெள்ளைத் திட்டிலும் காம்பிலும் மூக்கிலும் மறைப்பு இல்லை. காம்பைத் தொட்டால் உதைப்பது வலியால்தான், அதை அடிக்காதீர்கள்.

முதல் வேலையாக மாட்டை இருட்டான கொட்டகைக்குள் கட்டுங்கள். காலையில் கொஞ்ச நேரம்தானே என்று வெயிலில் விட வேண்டாம். பசுந்தீனியை நிறுத்தி வைக்கோல் கொடுங்கள், பக்கத்திலேயே தண்ணீர் வையுங்கள். உடனே அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். மாட்டை நகர்த்த முடியாவிட்டால் 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம். நிலைமை மோசமானால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு எட்டும் தூரம்தான்.

அவசரம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உண்ணிச்செடி தின்ற மாட்டின் பெருவயிறு அசையாமல் நின்றுவிடும். தின்ற இலை உள்ளேயே கிடந்து நாள்தோறும் விஷத்தைக் கசியவிடும். மருத்துவக் கரித்தூளைக் கரைத்து வயிற்றுக்குள் செலுத்துவது அதை உறிஞ்சி எடுக்கத்தான். பெரிய மாட்டுக்கு அது கிலோ கணக்கில் தேவைப்படும். அடுப்புக்கரியைப் பொடித்துக் கொடுப்பது அதற்கு ஈடாகாது. ரத்தத்தையும் கட்டாயம் சோதிக்கச் சொல்லுங்கள். கலப்பின மாடுகளில் உண்ணி கடித்துப் பரவும் ரத்த ஒட்டுண்ணி நோய்களிலும் மஞ்சள் காமாலை வரும். காய்ச்சல் இருக்கிறதா, மூத்திரம் காப்பி நிறத்தில் போகிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நோய்களுக்கு வைத்தியமே வேறு.

விளக்கெண்ணெய், புளிக்கரைசல், உப்புத்தண்ணீர் என்று மூங்கில் குழாயில் ஊற்றாதீர்கள். சோர்ந்த மாடு சரியாக விழுங்காது. ஊற்றியது நுரையீரலுக்குள் போய், விஷத்தில் பிழைத்த மாடு சளிக்காய்ச்சலில் செத்ததைக் கால்நடை மருத்துவர் எவரும் பார்த்திருப்பார்.

ஆடு மாட்டுக்குத் தெரியாதா?

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை. நிறைந்த வயிறும் நல்ல புல்லும் இருந்தால் பெரும்பாலான மாடுகள் உண்ணிச்செடியை மோந்துவிட்டு நகர்ந்துவிடும். அந்த அறிவு பசியில் வேலை செய்யாது. வெளியூர்ச் சந்தையிலிருந்து வந்த மாட்டுக்கு இந்த ஊர்ச் செடிகள் பழக்கமும் இல்லை. வெட்டி வாடிய தழையில் நெடி குறைந்துவிடுவதால் பழகிய மாடுகூட ஏமாறும்.

வயிறு நிறைந்திருந்தது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். மழைக்குப் பின் முளைக்கும் இளம்பச்சையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 10 கிலோ மேய்ந்தால் உள்ளே போவது சுமார் 2 கிலோ தீனிதான். 350 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 9 முதல் 10 கிலோ உலர்தீனி வேண்டும். வயிறு புடைத்துத் தெரிந்தாலும் மாடு பசியோடுதான் புதருக்குள் நுழைந்திருக்கும். வைக்கோலில் மிச்சம் பிடித்த பணம் இப்போது வைத்தியத்துக்குப் போகிறதே என்று உங்களைக் குறை சொல்லவில்லை. மழைக்காலத்தில் எந்த வீட்டிலும் முதலில் கை வைப்பது தீனிச் செலவில்தான். இனி எந்தச் செலவைக் குறைத்தாலும், அவிழ்த்துவிடும் முன் போடும் வைக்கோலைக் குறைக்காதீர்கள். மாட்டுக்கு 3 கிலோவாவது போட்டு, தண்ணீர் காட்டி, பிறகு விடுங்கள். ஆடுகளுக்கு அகத்தி, வேம்பு, சூபாபுல் தழைகளைக் கட்டித் தொங்கவிட்டால் மந்தை கிளம்பும்போது அவ்வளவு வெறியோடு கிளம்பாது.

சைக்கிளில் வரும் தழை

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பயமுறுத்திய வரியை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: ‘ரோட்டு நடுவுல வெட்டிப் போடுற தழையை வீட்டுக்காரர் சைக்கிள்ல கட்டிட்டு வந்து போடுவாரு.’ இதை இன்றோடு நிறுத்துங்கள். நெடுஞ்சாலை நடுத்திட்டுகளில் பூவுக்காக அரளி வைப்பது வழக்கம். அரளியின் இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே இதயத்தை நிறுத்தும் விஷம். ஒரு கைப்பிடி இலை ஒரு பசுவைக் கொல்லும். காய்ந்தாலும் அதன் விஷம் போகாது. நெய்வேலி காட்டாமணக்கு போல வாரக்கணக்கில் அவகாசமும் தராது. ராத்திரி போட்ட தழையைத் தின்ற மாடு விடியற்காலையில் செத்துக் கிடக்கும். மஞ்சளாகப் பூக்கும் பொன்னரளியும் அப்படியே. ஒரு கட்டுத் தழையில் நாலு கொம்பு அரளி கலந்திருந்தால் அதைப் பிரித்தெடுக்க உங்களால் முடியாது. முயற்சியும் செய்ய வேண்டாம்.

கோயில் மாலையும் இதில் சேரும். அம்மனுக்குச் சாத்திய அரளி மாலைகளை வெளியே போட, தெருவில் போகும் மாடு தின்கிறது. அமாவாசைக்கு அகத்திக்கீரை கொடுக்கிற நல்ல மனசுக்காரர்கள் அந்த மாலையையும் சேர்த்து நீட்டுவதுண்டு. உங்கள் பக்கத்துக் கோயிலில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

காவல் நிலையமும் காப்பீடும்

ஒருவரின் கால்நடையை வேண்டுமென்றே விஷம் வைத்துக் கொல்வது கடுமையான குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 325-ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். ஆகவே புகார் கொடுக்கும் உரிமை உங்கள் கணவருக்கு நிச்சயம் உண்டு. ஆனால் இன்று அவர் கையில் என்ன இருக்கிறது? வாரக்கணக்கில் இளைத்துச் செத்த ஆடுகளும், வெயில் பட்ட இடத்தில் மட்டும் தோல் உரியும் மாடும் மருந்து வைத்ததற்கு அடையாளம் அல்ல. பூச்சிமருந்து தின்றால் சில மணி நேரத்திலேயே எச்சில் வடிந்து, உடல் நடுங்கி, வலிப்பு வரும். ஆதாரம் இல்லாத புகார் வழித்தகராறைப் பெரிதாக்கும். மாட்டுக்கு எந்த நன்மையும் செய்யாது. இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

இனி ஒரு உயிர் போனால், அன்றே அரசு கால்நடை மருத்துவரை வைத்துப் பிரேதப் பரிசோதனை செய்யுங்கள். நேரம் போகப் போக உறுப்புகள் அழுகி எதுவும் தெரியாமல் போகும். சந்தேகம் இருந்தால் இரைப்பையில் உள்ளதும் கல்லீரலும் சிறுநீரகமும் ரசாயன ஆய்வுக்குப் போகும். மூளைத் துண்டை ஃபார்மலினில் போட்டு அனுப்பினால் காட்டாமணக்கு நச்சின் தடம் நுண்ணோக்கியில் தெரியும். கரையில் என்னென்ன வளர்கிறது என்று பூவும் இலையும் சேர்ந்த கிளைகளாகப் படம் எடுத்து வையுங்கள். திடீரென்று செத்து, மூக்கு, ஆசனவாய் வழியாக உறையாத ரத்தம் வழிந்தால் மட்டும் அறுக்கவே கூடாது. அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். மருத்துவர் வரும்வரை நாய், காக்கை நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழுக் கடனில் வாங்கிய மாட்டுக்குக் காப்பீடு செய்தார்களா என்று குழுத் தலைவியிடம் கேளுங்கள். பல கடன்களில் காப்பீடு சேர்ந்தே இருக்கும், வாங்கியவருக்கே தெரியாது. காதில் உள்ள 12 இலக்க அடையாள வில்லை பத்திரமாக இருக்க வேண்டும். விழுந்துவிட்டால் உடனே மறுபடி போடச் சொல்லுங்கள். மாடு இறந்தால் வில்லையை நீங்களே அறுத்து எடுக்காமல், காதோடு படம் எடுத்து, காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டுத்தான் புதைக்க வேண்டும்.

பாலும் தரகரும்

நோயுற்ற மாட்டின் பாலை இப்போது விற்காதீர்கள், கன்றுக்கும் விடாதீர்கள். வைத்தியம் தொடங்கியதும் ஊசி மருந்துகளின் எச்சம் பாலில் இறங்கும். எத்தனை நாள் கழித்து விற்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மற்ற இரண்டு மாடுகளும் நன்றாக அசை போட்டு, கண்ணில் மஞ்சள் இல்லாமல், சாணி வழக்கம்போல இருந்தால் அவற்றின் பாலில் தடையில்லை.

தரகருக்கு இன்று பதில் சொல்ல வேண்டாம். நஞ்சு உண்ட, மருந்து ஏற்றிய மாட்டின் இறைச்சி மனிதர் தின்னத் தகாதது. தமிழ்நாட்டில் மாட்டை அறுக்க 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி சான்று வேண்டும். பால் கறக்கும் வயதில் உள்ள மாட்டுக்கு நேர்வழியில் அது கிடைக்காது. இன்னொன்றையும் யோசியுங்கள். வைத்தியம் தொடங்கி ஒரு வாரத்துக்குள் மாடு அசை போடத் தொடங்கினால் அது பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. தோல் புண் ஆற வாரங்கள் ஆகும். இந்த ஈத்தில் பால் பழைய அளவுக்கு வராமல் போகலாம். அடுத்த ஈத்தில் அது மறுபடி உங்கள் கடனை அடைக்கும் மாடுதான். சிறுநீரகமும் கெட்டுவிட்டது என்று ரத்தப் பரிசோதனை சொன்னால் நிலைமை வேறு. அப்போது மருத்துவரோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள்.

கரையை என்ன செய்வது

களைக்கொல்லிக்கு என் பதில் வேண்டாம் என்பதே. அந்தக் கரை உங்கள் பட்டா நிலம் இல்லை. அடித்த மருந்து தண்ணீரில் இறங்கி எண்ணூர்க் கழிமுகம் வரை போகும்; அங்கே இறாலும் மீனும் பிடித்துப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். மருந்து பட்ட செடி வாடும்போது அதன் சுவை மாறி, ஒதுக்கியதை மாடு விரும்பித் தின்பதும் உண்டு. மருந்து அடித்த பின் ஆபத்து சில வாரங்களுக்குக் கூடுமே தவிரக் குறையாது.

கையால் பிடுங்குவதுதான் வழி. உண்ணிச்செடியை மேலே வெட்டினால் பத்துக் கிளையாகத் துளிர்க்கும். மண்ணுக்குக் கீழே நாலு விரல் ஆழத்தில் வேர்க்கழுத்தை வெட்டி, தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும். காட்டாமணக்கின் ஒரு சாண் தண்டு ஈரத்தில் கிடந்தாலே வேர் பிடிக்கும். ஆகையால் பிடுங்கியதைக் கால்வாயில் தள்ளாமல் மேட்டில் குவித்துக் காயவிட்டு, மாடு எட்டாதபடி வேலி கட்டுங்கள். எரிக்க வேண்டாம், உங்கள் தெருவுக்கு இருக்கிற புகை போதும். கரை முழுதும் உங்கள் வீட்டு ஆட்களால் ஆகாது. மாடு வைத்திருக்கும் பத்து வீடும் கையெழுத்துப் போட்டு மாநகராட்சி மண்டல அலுவலகத்திலும், ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுங்கள். ரசீது வாங்கி வையுங்கள். மேய்ச்சலுக்கு ஒரு திட்டு நிலமும் கேளுங்கள். வழித்தகராறுக்காரரிடமும் மாடு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய கையெழுத்தையும் கேட்டுப் பாருங்கள்.

வெளியே வாங்கும் தீனியில் இரண்டைக் கவனியுங்கள். பூப்பதற்கு முந்தைய இளஞ்சோளமும், வாடி மழை பட்டுத் துளிர்த்த சோளமும் சயனைடு நச்சால் நிமிடங்களில் கொல்லும். முற்றிய தட்டையை மட்டும் வாங்கிக் காயவைத்துப் போடுங்கள். கழிவுநீர் வாய்க்காலில் தழைத்த தண்ணீர்ப்புல்லில் நைட்ரேட் ஏறியிருக்கலாம். அது காய்ந்தாலும் குறையாது. வைக்கோலோடு கலந்து, கொஞ்சமாக, வயிறு நிறைந்த பிறகு கொடுங்கள். இரண்டிலும் மாடு மூச்சுக்குத் தவிக்கும். சயனைடில் ரத்தம் பளிச்சென்று சிவந்தும் நைட்ரேட்டில் பழுப்பாகவும் இருக்கும். இரண்டுக்கும் முறிவு மருந்து வேறு வேறு, ஊசியாக மட்டுமே போட முடியும். ஆகவே கடைசியாக என்ன தீனி போட்டீர்கள் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் அதன் படத்தையும், கரையில் எடுத்த செடிகளின் படங்களையும் அனுப்புங்கள். மிச்சமுள்ள 12 ஆடுகளில், தலையைத் தூக்கிவிடும் சோதனையில் எத்தனை சாய்கின்றன என்பதையும் எழுதுங்கள். எந்த ஆட்டை வைத்துக்கொள்ளலாம், எதை மந்தையில் மறுபடி சேர்க்கவே கூடாது என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.